ஜெகன் கால் இன்றைக்கு எத்தனை கிலோ?

தோட்டத்து லயத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ராஜாவாக வேண்டும் என்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு. காலை ஒடித்துக்கொள்ள வேண்டும். ஜெகன் அப்படித்தான் ராஜாவானான்.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பத்து வீடுகள் வரிசையாக இருக்கும். அதற்குத்தான் லயம் என்று பேர். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பத்து வீட்டுக்கும் வாசனை போகும். ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் பத்து வீட்டிலிருந்தும் ஆள் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெகனும் அவன் கூட்டாளி டின்டுவும் கொழுந்துச் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஈரப் புல் சரிவில் சறுக்கி விளையாடினார்கள். டின்டு பத்திரமாகக் கீழே போய் நின்றான். ஜெகன் ஒரு பாறையில் போய் நின்றான். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு ஒடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். இந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான். லயமே வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல் விளக்க வைப்பது பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் அத்தை. கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் விறுவிறுவென்று ஏறுகிறவர் அவர். ஜெகனைத் தூக்குவதெல்லாம் அவருக்குத் தோளில் துண்டு போட்டுக்கொள்வது மாதிரிதான். சாயங்காலம் அழகுமலை மாமா வந்து அவனைத் தோளில் ஏற்றி டீக்கடை வரைக்கும் காற்று வாங்கக் கூட்டிப் போவார். நடுவில் வேறு யாராவது தூக்க வந்தால் சண்டையே நடக்கும். "நேத்து நீதான தூக்குன, இன்னைக்கு எங்க முறை" என்பார்கள்.

சாப்பாடு இன்னும் மோசம். எலும்பு ஒன்றுகூடிச் சேர வேண்டுமாம், அதனால் வீட்டுக்கு வீடு ஆட்டுக்கால் சூப். சூப் இல்லாத நாளில் பிரண்டைத் துவையல். ஜெகன் திடீரென்று ஒரு நாள் 'மே' என்று கத்திவிடுவானோ என்று அவன் அக்கா மோனிஷாவுக்குப் பயமாக இருந்தது.

மோனிஷா ஆறாம் வகுப்பு. அம்மா முருகேஸ்வரி கொழுந்து எடுக்கப் போவார். அப்பா ராஜசேகர் வாகமண்ணில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுவார். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜெகனைப் பார்த்துக்கொள்வது மோனிஷாவின் வேலை. ஆனால் ராஜாவைப் பார்த்துக்கொள்ளத்தான் லயமே இருந்ததே. அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. அப்பா, அம்மா, மோனிஷா எல்லாரும் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டைப் பிரித்துவிட்டுப் பார்த்தால் அந்தக் கால் மற்றதைவிட மெலிந்து, வெளுத்துப் போயிருந்தது. ஜெகன் அதை யாரோ ஒருத்தருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

டாக்டர் ஸ்ரீலேகாவுக்குச் சொந்த ஊர் பாலக்காடு, கல்பாத்தி. அவர் பேசும் தமிழே தனி ராகமாக இருக்கும். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார்.

"இங்க பாரு கொழந்தே. ஒடிஞ்ச எடத்தைச் சுத்தி ஒரு வீக்கம் மாதிரி தெரியறதோல்லியோ? அது வீக்கம் இல்லே. புது எலும்பாக்கும்."

"யாரு வச்சா?" என்றான் ஜெகன்.

"நீதான். எலும்புன்னா வெறும் குச்சின்னு நெனைச்சுண்டு இருக்கியா? அதுக்கு உசிர் உண்டு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத செல்லுகள் இருக்கு. ஒரு கூட்டம் பழைய எலும்பை அரிச்சு எடுக்கும். இன்னொரு கூட்டம் புது எலும்பைக் கட்டும். ராப்பகலா இதே வேலை."

மோனிஷாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "எங்க எடுக்கணும், எங்க கட்டணும்னு அதுங்களுக்கு யாரு சொல்லுவாங்க டாக்டர்?"

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "பலே. அதுக்கு மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு. எலும்புக்குள்ளேயே சின்னச் சின்னக் குழியிலே உக்காண்டு இருக்கும். கால்லே பாரம் விழுந்தா அதுக்குத் தெரிஞ்சுடும். 'இங்கே பாரம் வரது, கெட்டியாக் கட்டுங்கோ'ன்னு சேதி அனுப்பும். பாரமே விழலேன்னா?"

"சேதி போகாது."

"சேதி போகலேன்னா கட்டற கூட்டம் சும்மா இருக்கும். அரிக்கற கூட்டம் மட்டும் வேலை பாக்கும். அதனாலே இனிமே இவன் காலைத் தரையிலே ஊனணும். முதல்லே கொஞ்சம், அப்பறம் கொஞ்சம் ஜாஸ்தி. இவன் எடையிலே நாலிலே ஒரு பங்குலே ஆரம்பிச்சாப் போதும்."

இரண்டு ஊன்றுகோல்களைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்றும் காட்டினார். ஜெகன் அக்குளில் ஊன்றுகோலைச் செருகிக்கொண்டு நின்றான். ஒடிந்த காலை மட்டும் கொக்கு மாதிரி மடக்கித் தூக்கிக்கொண்டான். எவ்வளவு சொல்லியும் கீழே வைக்கவில்லை.

டாக்டர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "அடுத்த மாசம் வரச்சே இவன் ரெண்டு காலையும் ஊனி இந்த வராந்தாவிலே நடந்து வரணும். இல்லேன்னா கோட்டயத்துலே பெரிய ஆஸ்பத்திரியிலே சேர்த்து, அங்கேயே வெச்சுப் பழக்க வேண்டி வரும்."

திரும்பி வரும்போது ஜீப்பில் எல்லாருக்கும் கோட்டயம் நினைப்புதான். அம்மா வேலையை விட்டுவிட்டுக் கோட்டயத்தில் போய் உட்கார முடியாது. அப்பாவாலும் முடியாது. ஜெகன் அங்கே தனியாகக் கிடப்பதை மோனிஷாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருட்டில் கழிப்பறைக்குப் போகக்கூட அவனுக்குத் துணை வேண்டும்.

லயத்துக்குக் கீழே ஜீப் நின்றதுமே சாந்தம்மாள் அத்தை முதுகைக் காட்டிக் குனிந்துவிட்டார்.

"ஏறு ராசா."

"அத்தே, இனிமே காலை ஊனி நடக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்றாள் மோனிஷா.

"சொல்லுவாங்க தாயி. ஆனா கட்டுப் பிரிச்சு இன்னும் ஒரு பொழுது கழியல. ஒடிஞ்ச எலும்புல பாரத்தை ஏத்துறதா?"

"கொஞ்சமாத்தான் ஏத்தணுமாம்."

"கொஞ்சம்னா எம்புட்டு? அத சொல்லு பாப்போம்."

நாலில் ஒரு பங்கு என்று டாக்டர் சொன்னது மோனிஷாவுக்கு ஞாபகம் இருந்தது. காலில் அதை எப்படி அளப்பது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் ஜெகன் அத்தையின் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அடுத்த நாளிலிருந்து மோனிஷா என்னென்னவோ செய்து பார்த்தாள். அறையின் அந்தக் கோடியில் கடலை மிட்டாயை வைத்து, "நடந்து வந்தா உனக்கு" என்றாள். ஜெகன் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊன்றுகோலை நீட்டி மிட்டாயைத் தள்ளி இழுத்துக்கொண்டான். எலும்புக்குள் இருக்கும் மூன்று கூட்டத்தைப் பற்றியும் கதை போலச் சொன்னாள். கவனமாகத்தான் கேட்டான்.

"அக்கா, அதுங்களுக்கு ஞாயித்துக்கெழமை லீவு உண்டா?"

"கெடையாது."

"பாவம்க்கா. இப்பவாச்சும் லீவு எடுத்துக்கிடட்டும்."

ஒரு நாள் அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீ இப்படியே இரு. உன்னைக் கோட்டயத்துல கொண்டு போய் விட்டுருவாங்க" என்று கத்தினாள். ஜெகன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவ்வளவு பெரிய அழுகையை அவள் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் அவளும் சேர்ந்து அழுதாள். பத்து வீட்டு ஆட்களும் வந்து நின்று, "என்ன பிள்ள, காலு முடியாத புள்ளையப் போயி வைவாங்களா?" என்று அவளைத்தான் கேட்டார்கள்.

நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜெகனின் கால் தரையைத் தொடவே இல்லை.

ஒரு சாயங்காலம் மழை விட்டிருந்தது. அக்காவும் தம்பியும் வாசலில் உட்கார்ந்து அவித்த கப்பைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். நாலு வீடு தள்ளி அழகுமலை மாமா விறகு ஒடித்துக்கொண்டிருந்தார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கிடைக்கும் காய்ந்த கிளைகள் அவை. முழங்காலில் வைத்து ஒரு கிளையை அழுத்தினார். டக் என்று ஒடிந்தது.

ஜெகன் கையிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது. அவன் இரண்டு கையாலும் காலைப் பொத்திக்கொண்டான். முகம் வெளிறிப்போனது.

மாமா அடுத்த கிளையை எடுத்தார். மறுபடியும் டக். ஜெகன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மோனிஷா அவனை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு இந்தச் சத்தம்தான் கேட்டுச்சா?"

ஜெகன் தலையை ஆட்டினான். "டின்டுவுக்குக் கேக்கல. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள கேட்டுச்சு. காலைக் கீழ வச்சா திருப்பியும் கேக்கும்க்கா."

"ஏன்டா இத்தனை நாளா சொல்லல?"

"சிரிப்பீங்க."

மோனிஷா சிரிக்கவில்லை. இத்தனை நாளும் இவன் ராஜாவாக இருக்க ஆசைப்பட்டு அடம் பிடிக்கிறான் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இப்படி ஒரு பயத்தை வைத்துக்கொண்டு இந்தப் பொடியன் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

"சத்தம் வராத அளவுக்கு மட்டும் வச்சா?"

"அது எம்புட்டுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் ஜெகன்.

அத்தை கேட்ட அதே கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று மோனிஷாவுக்குத் தோன்றியது.

பதில் பள்ளிக்கூடம் லீவான ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. லயத்தின் கடைசியில் ஓர் அங்கன்வாடி உண்டு. பெரியவர்கள் வேலைக்குப் போனதும் ஜெகனைப் பகலில் அங்கேதான் உட்கார வைப்பார்கள். மூன்று வயசுக் குழந்தைகள் நடுவில் மூன்றாம் வகுப்புப் பையன். அவர்கள் அவனுக்கு உப்புமா ஊட்டிவிட வருவார்கள். அந்த அவமானத்தை அவன் டின்டுவிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு நிமி டீச்சர் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் வைக்கிற தட்டையான மிஷின். ஏறி நின்றால் முள் சுற்றி எடையைக் காட்டும். ஒரு வாண்டு மிஷினில் ஏற மாட்டேன் என்று பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காலை மட்டும் நீட்டி மிஷினில் வைத்தது. முள் லேசாக ஆடி இரண்டில் நின்றது.

"ஒரு கால் மாத்திரம் போதாது மோளே, முழு ஆளும் வரணும்" என்று டீச்சர் சிரித்தார்.

மோனிஷா சிரிக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழு ஆள் ஏறாமல், ஒரு கால் மட்டும் எத்தனை கிலோ அழுத்துகிறது என்று மிஷின் சொல்கிறதே. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று இதோ இருக்கிறதே.

"டீச்சர், ஜெகனுக்கும் பாக்கலாமா? அவனும் ஒரு காலை வைக்கட்டும்."

ஜெகனைப் பெஞ்சியில் உட்கார வைத்து மிஷினை அவன் முன்னால் தள்ளினாள்.

"அழுத்தாத. சும்மா வை. செருப்பு மேல வைக்கிற மாதிரி."

"சத்தம் கேட்டா?"

"கேட்டா உடனே எடுத்துரு. நானும் கேக்கேன்." மோனிஷா தரையில் மண்டியிட்டு அவன் முழங்காலில் காதை வைத்துக்கொண்டாள். இதைப் பார்த்த இரண்டு வாண்டுகள் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் காதை வைத்தன.

ஜெகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதத்தை இறக்கினான். விரல் தொட்டது. குதிகால் தொட்டது. முள் மெல்ல நகர்ந்தது.

"சத்தம்?" என்றான்.

"இல்ல. முள்ளைப் பாரு. ரெண்டு கிலோ வச்சுட்ட."

ஜெகன் குனிந்து பார்த்தான். நம்ப முடியாமல் காலை எடுத்தான். முள் பூஜ்யத்துக்குப் போனது. திரும்ப வைத்தான். இரண்டு. கொஞ்சம் அழுத்தினான். மூன்று. அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அக்கா, நாலு."

"வலிக்கா?"

"இல்ல. கூசுது."

அவன் மொத்த எடை இருபத்து நாலு கிலோ. டாக்டர் சொன்ன நாலில் ஒரு பங்கு என்றால் ஆறு. மோனிஷா மனக்கணக்குப் போட்டுச் சொன்னாள். அன்றைக்கு அவன் ஐந்து வரைக்கும் போனான். அதற்கு மேல் போகவில்லை. மோனிஷாவும் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் கொழுந்து எடுத்த பெண்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். குழாயடியில் கை கழுவும்போது ஒவ்வொருத்தரும் அன்றைக்கு எடுத்த கொழுந்தின் எடையைச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

"எனக்கு நாப்பத்தெட்டு" என்றார் அம்மா.

"எனக்கு அம்பத்தி ரெண்டு" என்றார் சாந்தம்மாள் அத்தை. எப்போதும் அவருக்குத்தான் கூட இருக்கும்.

வாசலில் உட்கார்ந்திருந்த ஜெகன் சொன்னான். "என் காலுக்கு அஞ்சு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மோனிஷா நடந்ததைச் சொன்னாள். அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது ஜெகன் அவளிடம் மட்டும் சொன்னது.

சாந்தம்மாள் அத்தையின் முகம் இறுகியது. "பச்சைப்புள்ள காலை மிஷின்ல வச்சு அழுத்துறதா? என்ன கூத்து இது?"

டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் இவர்கள் கேட்க மாட்டார்கள் என்று மோனிஷாவுக்குத் தெரிந்தது. சுற்றிலும் பார்த்தாள். அழகுமலை மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றார். இருபது வருஷமாகக் கவாத்துக் கத்தி பிடிக்கிறவர்.

"மாமா, உங்க ரெண்டு கையையும் நீட்டுங்க."

"எதுக்கு புள்ள? அடிக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே நீட்டினார்.

"மணிக்கட்டைப் பாருங்க. எது தடியா இருக்கு?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வலது மணிக்கட்டு இடதைவிட நன்றாகப் பருத்திருந்தது. மாமாவே இப்போதுதான் முதல் தடவையாக அதைக் கவனிக்கிறார் போல. இடது கை விரல்களால் வலது மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடவில்லை. கை மாற்றிப் பிடித்தார். தொட்டன.

"அட, ஆமால்ல. கத்தி பிடிக்கிற கையி."

"வேலை கொடுத்த கையில எலும்பு தடிச்சிருக்கு மாமா. உள்ள இருக்கிற செல்லு எல்லாம் 'இங்க பாரம் வருது, கட்டு கட்டு'ன்னு கட்டியிருக்கு. ஜெகன் காலுக்கு வேலையே இல்ல. அதான் இப்படி மெலிஞ்சு கெடக்கு."

இப்போது குழாயடியில் ஒவ்வொருத்தரும் தங்கள் மணிக்கட்டை அளந்துகொண்டிருந்தார்கள். யாரோ இடது கைப் பழக்கக்காரர் தனக்கு மட்டும் மாறி இருக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டார். சாந்தம்மாள் அத்தை மட்டும் கையை நீட்டவில்லை.

"அப்ப இத்தனை நாளா நான் தூக்கித் தூக்கித்தான் பிள்ள காலைக் கெடுத்தேனா?" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

"இல்லத்தே." மோனிஷா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டு இருக்கும்போது அசையக் கூடாதுல்ல? அப்ப நீங்க தூக்குனீங்க. அதனாலதான் எலும்பு கூடுச்சு. இப்ப கூடிருச்சு. இனிமே அதுக்கு வேலை வேணும். அவ்வளவுதான் அத்தே."

அத்தை கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மோனிஷாவுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

ஆனால் மறுநாள் ஓர் அதிசயம் நடந்தது. வேலை முடிந்து வந்த பெண்கள் குழாயடிக்குப் போகுமுன் ஜெகன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"ஏ ஜெகா, இன்னைக்கு உன் காலு எத்தனை கிலோ?"

"ஆறு."

"நேத்தைய விட ஒரு கிலோ கூட. தேறிருவ."

அதிலிருந்து தினமும் இதே பேச்சுதான். எட்டு, பத்து என்று முள் ஏறிக்கொண்டே போனது. அங்கன்வாடி வாண்டுகள் மிஷினைச் சுற்றி உட்கார்ந்து காலுக்குக் கைதட்டின. அப்புறம் அவன் எழுந்து நின்றான். ஒடிந்த கால் மிஷினில், நல்ல கால் அதே உயரத்துக்கு அடுக்கிய பலகையில், இரண்டு பக்கமும் ஊன்றுகோல். பலகை யோசனை மோனிஷாவுடையது.

நடுவில் ஒரு கோளாறும் நடந்தது. டின்டு வந்து, "இருபது கிலோ அடிடா, பார்ப்போம்" என்று உசுப்பேற்ற, ஜெகன் தம் கட்டி அழுத்திவிட்டான். கால் சுருக்கென்று வலித்தது. பழையபடி காலைத் தூக்கி மடக்கிக்கொண்டான். மோனிஷா அவனைத் திட்டவில்லை. டின்டுவைத்தான் திட்டினாள்.

"சத்தம் கேட்டுச்சா?" என்று ஜெகன் காதில் மட்டும் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தான். "இல்ல. வலி மட்டும்தான்."

"அப்ப இன்னைக்குப் பாதி லீவு. நாளைக்கு ஆறிலிருந்து ஆரம்பிப்போம். வலி இருந்தா நிப்பாட்டிருவோம்."

மறுநாள் ஆறிலிருந்து ஆரம்பித்தார்கள். வலி இல்லை.

ஊன்றுகோலோடு அவன் முதன்முதலாக இரண்டு காலையும் ஊன்றிக் குழாயடி வரைக்கும் போன அன்று சாந்தம்மாள் அத்தை வாசலில் நின்றிருந்தார். நடுவழியில் ஜெகன் லேசாகத் தடுமாறினான். அத்தை பாய்ந்து வந்தார். பாதி தூரம் வந்தவர் தானே நின்றுகொண்டார். இரண்டு கையையும் முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்க்க மோனிஷாவுக்குப் பாவமாக இருந்தது.

டாக்டரைப் பார்க்கும் நாளும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தா நீளமானது. அந்தக் கோடியில் டாக்டர் ஸ்ரீலேகா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெகன் இந்தக் கோடியில் நின்றான். அம்மா சாமியை வேண்டிக்கொண்டிருந்தார். அப்பா ஜீப் சாவியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாடா கண்ணா" என்றார் டாக்டர்.

ஜெகன் நடந்தான். ஊன்றுகோல், ஒடிந்த கால், நல்ல கால். மோனிஷா அவனுக்குப் பக்கத்திலேயே போனாள். பாதி வழியில் யாரோ ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தார். ஜெகன் சட்டென்று நின்றான். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மோனிஷாவின் கை தானாக நீண்டது.

பிடித்துவிட்டால் அவன் விழ மாட்டான். ஆனால் பிடித்துவிட்டால் அவன் நடந்து வந்ததாகாது. சாந்தம்மாள் அத்தைக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. நீட்டிய கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஜெகன் ஒடிந்த காலை நன்றாக ஊன்றினான். நேராக நிமிர்ந்தான். பிறகு மிச்ச வராந்தாவையும் நடந்து முடித்து டாக்டர் முன்னால் போய் நின்றான்.

"யாரும் பிடிக்கல டாக்டர்" என்றான்.

"நான்தான் கண்ணாலே பாத்தேனே. நன்னா நடந்தே." டாக்டர் புது எக்ஸ்ரேயையும் பார்த்தார். எலும்பு கெட்டியாகிக்கொண்டு வந்தது. "கோட்டயம் வேண்டாம். ஆமா, எத்தனை பாரம் வெக்கணும்னு எப்படித் தெரிஞ்சுண்டே?"

"அங்கன்வாடி மிஷின்ல. அக்காதான் கண்டுபிடிச்சா."

டாக்டர் மோனிஷாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "நான் சொல்லாம விட்டதை நீ கண்டுபிடிச்சுட்டியாக்கும். இனிமே இங்கே வர கொழந்தைகளுக்கெல்லாம் இதையே சொல்லிடறேன்." மோனிஷாவுக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது.

சாயங்காலம் ஜீப் லயத்துக்குக் கீழே நின்றது. அங்கிருந்து மேலே போக ஒற்றையடி மேடு. மேட்டின் உச்சியில் பத்து வீட்டு ஆட்களும் நின்றார்கள். கீழே இறங்கி வர எல்லாருக்கும் கால் துடித்தது. ஒருத்தரும் இறங்கவில்லை.

ஜெகன் ஒவ்வோர் அடியாக ஏறினான். கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினான். மறுபடி ஏறினான். உச்சிக்கு வந்ததும் டின்டு விசிலடித்தான். அழகுமலை மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு பீடிப் புகை பட்டுவிட்டது என்றார். அவர் கையில் பீடியே இல்லை.

சாந்தம்மாள் அத்தை கூட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றார். கைகள் இன்னமும் முந்தானைக்குள்தான் இருந்தன. ஜெகன் எல்லாரையும் தாண்டி நேராக அவரிடம் நடந்து போனான். இரண்டு ஊன்றுகோலையும் அக்காவிடம் கொடுத்தான். ஒரு கணம் எதையும் பிடிக்காமல் தன் சொந்தக் காலில் நின்றான்.

"நானே நடந்து வந்துட்டேன்த்தே" என்றான். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினான். "இப்பத் தூக்குங்க."